ஓர் இணைப்பு, ஒரு வீடு, மூன்று மாணவர்கள்

இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்து காணப்படும் பூச்சோங், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் இருந்த நிலமாகும். அன்றைய தோட்ட லயங்களில் பல குடும்பங்களுக்கு ஒரே பொதுக்குழாய் இருந்தது. யார் எப்போது குடம் வைப்பது என்பதில் முறை இருந்தால்தான் எல்லார் வீட்டிலும் உலை கொதிக்கும். இன்று நம் இல்லங்களில் உள்ள இணைய இணைப்பும் அத்தகையதே.

ஓர் இணைப்பைப் பல கணினிகள் எவ்வாறு பகிர்ந்து கொள்கின்றன? பழைய இணைய முகவரி முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. ஆகவே, ஒரே வெளிமுகவரியின் பின்னால் பல கணினிகளை இயக்கும் வழிமுறை 1994இல் வெளியிடப்பட்டது. 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் முதலியன உள்ளகப் பயன்பாட்டிற்கென 1994இல் ஒதுக்கப்பட்டன. 1999இல் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இணைப்பைப் பகிரும் வசதி இருந்தது. ஆனால், பகிர்ந்தளிக்கும் கணினியை அணைத்துவிட்டால் மற்றவற்றிற்கும் இணையம் இராது. அவ்வேலையைப் பின்னர்த் திசைவி எனும் சிறு பெட்டி ஏற்றுக்கொண்டது.

திசைவி முகவரியைப் பகிர்கிறதே தவிர, வேகத்தைப் பெருக்குவதில்லை. மேலும், பல இணைப்புகளில் பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்தைவிடக் குறைவு. நேரலை வகுப்பில் மாணவரின் முகமும் குரலும் பதிவேற்றமாகவே செல்கின்றன. மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் படக்கருவியைத் திறந்தால் அப்பாதை நெரிசலுறும். ஆசிரியரின் குரலும் விட்டுவிட்டுக் கேட்கும்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. அவ்வாண்டு கல்வி அமைச்சு மேற்கொண்ட ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எவ்வித மின்னியல் கருவியும் இல்லை எனத் தெரியவந்தது. கருவி இருந்த வீடுகளிலும் தந்தையின் கைப்பேசித் தரவையே அண்ணனும் தங்கையும் பங்கிட வேண்டியிருந்தது. தம்பிக்கு வழிவிட்டு விலகிய அக்காளின் பெயர் வருகைப் பதிவில் விடுபட்டுப் போகும். அஃது அவளது அக்கறையின்மை அன்று.

வெள்ளம், புகைமூட்டம் என்று பள்ளி மூடப்படும்போது இல்லிருப்புக் கற்றல் மீண்டும் தேவைப்படுகிறது. ஆகவே, ஒரே வீட்டுப் பிள்ளைகள் எவ்வெவ்வகுப்பில் பயில்கின்றனர் என்பதை அறிந்து ஆசிரியர்கள் நேரலை வகுப்புகளை மாற்றி மாற்றி அமைக்கலாம். பாடத்தைப் பதிவிறக்கிப் பின்னர்ப் படிக்கும் வடிவிலும் தரலாம். பெற்றோர்கள் மேசைக் கணினியைக் கம்பிவழி திசைவியோடு இணைக்கலாம். வகுப்பு நேரத்தில் தொலைக்காட்சியில் இணையப் படம் ஓடாதிருக்கச் செய்யலாம். யாருக்கு எந்நேரம் என்பதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவது இன்னும் நன்று.

'வரவில்லை' என்று பதிவதற்கு முன், அவ்வீட்டில் அந்நேரம் யாருடைய முறை என்று ஒரு வார்த்தை கேட்போம்.