ஒரிஜினல் மை என்று சொன்னேன்

ஈப்போ புந்தோங்கில், வீட்டு முன்னறையில் வைத்துப் படம் போட்டுக் கொடுப்பேன். இறந்தவர்களின் படம்தான் அதிகம். “ஒரிஜினல் இங்க், நிறம் போகாது” என்று எல்லாரிடமும் சொன்னேன். சொல்லும்போதே அது பொய் என்று தெரியும்.

வந்தவர்களில் பாதிப்பேர் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தவர்கள். சுங்கை சிப்புட், சிம்மோர், பத்து காஜா பக்கமெல்லாம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் வீடமைப்பும் வந்தது. தோட்டத்து லய வீடுகள் போனபோது படங்களும் போயின. ரப்பர் பால்வெட்டிலேயே காலம் கழித்த கிழவிக்கு இருந்த ஒரே படம், ஐசி என்கிற அடையாள அட்டைக்காக ஸ்டூடியோவில் எடுத்த சின்னப் படமாகத்தான் இருக்கும். இறப்பைப் பதியும்போது ஐசியை ஒப்படைத்துவிடுவார்கள். மிஞ்சுவது அந்தச் சின்னப் படம்தான். அதை ஸ்கேன் செய்து, கீறல்களை அழித்து, பொட்டை எடுப்பாக்கி, ஏ4 அளவுக்குப் பெரிதாக்கித் தருவேன். பதினாறாம் நாள் காரியத்துக்குள் வேண்டும் என்று வருவார்கள். அந்த அவசரத்தில் யாரும் விலை பேசமாட்டார்கள். நான் அதையும் கணக்கில் வைத்துத்தான் விலை சொன்னேன்.

முழுப்பக்கப் படம் மையைக் குடிக்கும். கம்பெனி கார்ட்ரிட்ஜில் இருப்பது சில மில்லிலிட்டர்; அதற்கே கணிசமான வெள்ளி போய்விடும். அதனால் பிரிண்டருக்குப் பக்கத்தில் வெளித்தொட்டி கட்டினேன். தொட்டியிலிருந்து மெல்லிய சிலிக்கான் குழாய்கள் கார்ட்ரிட்ஜ் இடத்துக்குப் போகும். மை தீர்ந்தது என்று மெஷின் நின்றுவிடாமல், தானாகவே மறுபடி ‘முழு’ என்று காட்டும் சிப் ஒன்றும் உண்டு. தொட்டியை உயரத்தில் வைத்தால் மை வழிந்து உள்ளே நாசமாகும். ரொம்ப இறக்கினால் குழாயில் காற்று ஏறி, படத்தில் கோடு கோடாக விழும். இந்த வித்தையில் குற்றம் ஒன்றும் இல்லை. எப்சனே 2010ல் இந்தோனேசியாவில் தொட்டி வைத்த பிரிண்டரை விற்கத் தொடங்கிவிட்டது. தொட்டியில் என்ன ஊற்றினேன் என்பதில்தான் என் குற்றம் இருக்கிறது.

நான் ஊற்றியது லிட்டர் கணக்கில் வாங்கிய, பெயர் தெரியாத டை மை. டை என்பது நீரில் கரைந்த சாயம். வெளிச்சமும் காற்றிலுள்ள ஓசோனும் அதைச் சீக்கிரம் சிதைக்கும். கம்பெனிகள் இதற்கென்றே பாடுபட்டு, நிலைத்து நிற்கும் டை மைகளும் செய்கின்றன. என் போத்தலில் இருந்தது அதுவல்ல. பிக்மென்ட் மை வேறு. அது நுண்துகள். மேல்பக்கம் சிதைந்தாலும் உள்ளே நிறம் நிற்கும். அதையும் வாங்கிப் பார்த்தேன். அடிக்கடி ஓட்டாவிட்டால் ஹெட் அடைத்துக்கொள்ளும். சாவு தினமும் வராதே! வாரத்தில் ஓரிரு முறை சோதனைப் பக்கம் ஓட்டியிருந்தால் சமாளித்திருக்கலாம். அந்தச் சின்ன வேலைக்குச் சோம்பல்பட்டு டை மைக்கே திரும்பினேன்.

அறியாமல் செய்தேன் என்று தப்பிக்கவும் வழியில்லை. வண்ணப் படங்களின் ஆயுளைப் பற்றி அமெரிக்காவில் ஹென்றி வில்ஹெல்ம் 1993லேயே தடித்த புத்தகம் போட்டவர். மலிவு மைகள் எவ்வளவு சீக்கிரம் வெளுக்கின்றன என்று அவருடைய ஆய்வகம் பின்னாளில் சோதித்துச் சொன்னதை நான் படித்திருந்தேன்.

என் படங்களில் முதலில் மெஜந்தா போனது. சிவப்பு போனால் முகம் பச்சை பாயும். ஓர் அக்கா படத்தோடு திரும்பி வந்தார்.

“தம்பி, அம்மா முகம் என்னமோ பச்சையா ஆயிடுச்சுப்பா.”

“சாம்பிராணிப் புகைக்கா. விளக்குக்குப் பக்கத்திலேயே மாட்டியிருப்பீங்க.”

“ஆமாம்பா, நான்தான் தினமும் போடுறேன்” என்றார் அவர், தப்பு செய்தவர்போல. புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்து, அதற்கும் காசு வாங்கினேன். அதே மையில்.

என் அப்பா பால் வெட்டியவர். தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தில் கணக்கெழுதும் கிராணி மெட்ரோலாக் என்ற கருவியை மிதக்கவிட்டுப் பார்ப்பார். பாலில் ரப்பர் எவ்வளவு என்று அது காட்டிவிடும்; தண்ணீர் கலந்தவன் அங்கேயே மாட்டுவான். என் மைக்கு அப்படி ஒரு கருவி அந்த அக்காவிடம் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் நான் தொழில் நடத்தினேன்.

இன்னொன்றும் செய்தேன். ஹார்ட் டிஸ்க் நிறைந்தபோது பழைய ஸ்கேன்களை அழித்துவிட்டேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவற்றில் சில முகங்கள் வேறெங்கும் இல்லை என்பது நினைவில் இருந்தும் அழித்தேன்.

இப்போது என் தொட்டியில் பிக்மென்ட் மைதான். என்னிடம் படம் போட்டவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் வீட்டு விளக்கும் சாம்பிராணியும் எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்தச் சின்னப் படம் கையில் இருந்தால் கொண்டுவாருங்கள். புதிதாகப் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். அதுவும் தொலைந்துவிட்டதென்றால் வெளுத்த படத்தையே எடுத்து வாருங்கள். பிரேம் விளிம்புக்கு அடியில் பழைய நிறம் கொஞ்சம் தங்கியிருக்கும். அதைப் பார்த்து ஓரளவு மீட்கலாம், முழுதாக முடியாது. தாமதிக்க வேண்டாம், மிச்சமிருக்கும் நிறமும் போய்க்கொண்டிருக்கிறது.