உதைப்பது யார்?

‘துப்பாக்கி உதைத்துவிட்டது’ என்று தமிழில் சொல்கிறோம். இத்தொடரில் வினைமுதல் துப்பாக்கி. உதை வாங்கும் மனிதர் செயப்படுபொருள். பல வேளைகளில் அவர் தொடரில் தோன்றுவதே இல்லை. விசையை அழுத்தியவர் அவர்தாம் என்பதையும் தோட்டாவைத் தேர்ந்தவர் அவர்தாம் என்பதையும் இலக்கணம் மறைத்துவிடுகிறது. பொன்முடித் தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் தமிழைப் பதிவுசெய்யப் போன எனக்கு இத்தொடர் முதலில் ஒரு தரவாகத்தான் கிடைத்தது. அதற்குள் இயற்பியலும் அறமும் கலந்த ஒரு சிக்கல் இருப்பது பின்னர்தான் விளங்கியது.

நெடுமங்காட்டிலிருந்து விதுரா வழியாகக் கல்லாற்றைத் தாண்டி, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. சுற்றுலா வருவோருக்கு அது பனிமூட்டமும் புல்வெளியும். அடிவாரத்தில் மரச்சீனியும் வாழையும் சேம்பும் பயிரிடுவோருக்கோ காட்டின் விளிம்பு. பேப்பாறை வனவிலங்கு சரணாலயம் அருகிலேயே இருக்கிறது. இரவில் காட்டுப்பன்றிகள் இறங்கினால் ஓராண்டு உழைப்பு ஒரே இரவில் போய்விடும். 2022 மே மாதத்தில் கேரள அமைச்சரவை எடுத்த முடிவின்படி, பயிரையும் உயிரையும் அச்சுறுத்தும் காட்டுப்பன்றிகளைக் கொல்ல அனுமதிக்கும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. நஞ்சு, வெடிபொருள், மின்சாரம் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. ஆகவே இந்தப் பொறுப்பு பெரும்பாலும் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கும் சிலரின் தோளில் இறங்கியது. ‘தோளில்’ என்பதை இங்கு உருவகமாகச் சொல்லவில்லை.

எனக்குத் தகவல் தந்தவர்களுள் ஒருவர் அறுபதைக் கடந்தவர். அவருடைய தந்தையார் தோட்டத்தில் கங்காணியாக இருந்து, பிறகு அடிவாரத்தில் நிலம் வாங்கியவர். மகனிடம் இருப்பது 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி. ஒவ்வொரு வேட்டுக்குப் பின்னும் அவருடைய வலத்தோளில் நீலம் பாரித்துவிடும். உறவினர் ஒருவர் அனுப்பிய ஆங்கிலத் துண்டறிக்கையை என்னிடம் நீட்டி, “தம்பி, இதைப் போட்டா உதை குறையுமாமே, என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க” என்றார். அது கேஜ் அடாப்டரைப் பற்றியது. அதை அவருக்குத் தமிழில் சொல்வதற்கு நான் பலவற்றைக் கற்க வேண்டியிருந்தது.

முதலில் எண். ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுவே 12 போர்க் குழலின் விட்டம்: ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். அதே ஈயத்தை 20 உருண்டைகளாக்கினால் 15.6 மில்லிமீட்டர். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கிறது. அடாப்டர் என்பது 12 போர்த் துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் கச்சிதமாகப் பொருந்தும் உலோக உறை. அதன் உட்புறம் 20 போர் போன்ற சிறிய தோட்டாவுக்கு ஏற்பக் கடையப்பட்டிருக்கும். இரட்டைக்குழல் போல மடித்துத் திறக்கும் துப்பாக்கிகளுக்கே அது ஏற்றது. தானாகவோ கைப்பிடியை இழுத்தோ அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகைகளில் பயன்படாது.

உறை எதற்கு, சிறிய தோட்டாவை அப்படியே போட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றலாம். அதில் உயிராபத்து இருக்கிறது. 12 போர்க் குழலில் நேரடியாகப் போட்ட 20 போர்த் தோட்டா அறையைத் தாண்டி வழுக்கிச் சென்று, குழல் குறுகத் தொடங்கும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். வேட்டு வரவில்லையே என்று திறந்து பார்ப்பவருக்கு அறை காலியாகத் தெரியும். அதன்மேல் ஒரு 12 போர்த் தோட்டாவை இட்டுச் சுட்டால், கையிலேயே குழல் வெடிக்கும். 20 போர்த் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும் வழக்கம் இந்த ஆபத்தினால்தான் நிலைபெற்றது. பெரியவரிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான்.

இனி உதை. பள்ளியில் படித்த உந்த அழிவின்மை விதியே இங்கும் அடிப்படை. முன்னே பாயும் ரவையும் அடைப்பும் வெடிவாயுவும் எவ்வளவு உந்தத்தைக் கொண்டு போகின்றனவோ, அவ்வளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைக்கிறது. தோளில் வந்து சேரும் ஆற்றல் அந்த உந்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்திலும் அமையும். அடைப்பையும் வாயுவையும் ஒதுக்கிவிட்டு ரவையை மட்டும் கொண்டு கணக்கிடுவோம். அதே வேகத்தில் 32 கிராம் ரவைக்குப் பதில் 24 கிராம் ரவையைச் செலுத்தினால் உந்தம் கால் பங்கு குறையும். உதையின் ஆற்றலோ ஏறத்தாழ 44 விழுக்காடு குறையும். 3 கிலோ துப்பாக்கியில் 300 கிராம் எடையைக் கூட்டினால் குறைவது 9 விழுக்காடுதான்.

இக்கணக்கில் அடாப்டருக்குத் தனி இடம் இல்லை. சிறிய உறை துப்பாக்கியின் எடையை அதிகம் கூட்டுவதுமில்லை. உதையைக் குறைப்பது உறைக்குள் இருக்கும் தோட்டாவின் குறைந்த ரவை. அதே 24 கிராம் ரவையை அதே வேகத்தில் செலுத்தும் 12 போர்த் தோட்டா கிடைத்தால், அடாப்டர் இல்லாமலே ஏறத்தாழ அதே பயன் கிட்டும். ஒலிம்பிக் டிராப் போட்டியில் இதைப் பார்க்கலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் பங்கேற்ற புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் போன்றோர் தகுதிச் சுற்றில் மட்டும் 125 தட்டுகளை எதிர்கொள்கிறார்கள். ஒரு தட்டுக்கு இரண்டு வேட்டு வரை அனுமதி உண்டு. துப்பாக்கி 12 போர். ரவையின் அளவோ 24 கிராம்.

நம் சூழலில் இன்னொரு தடையும் இருக்கிறது. உரிமத்தில் ஆயுதத்தின் வகையோடு தோட்டாவின் வகையும் அளவும் குறிக்கப்படுகின்றன. 12 போருக்கு உரிமம் பெற்றவர் கடைக்குப் போய் 20 போர்த் தோட்டாவை எளிதாக வாங்கிவிட முடியாது.

அப்படியானால் இலேசான 12 போர்த் தோட்டாவை வாங்கிவிடலாமே? மண்தட்டை உடைப்பதற்கு அது போதும். காட்டுப்பன்றி தடித்த தோலும் வலுத்த எலும்பும் கொண்ட விலங்கு. சிறு ரவை அதைக் கொல்லாமல் காயப்படுத்தும். காயம்பட்ட பன்றி புதருக்குள் நாட்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகலாம். மறுநாள் காலையில் அவ்வழியே பால் வெட்டப் போகும் தொழிலாளி மீது பாயலாம். தோளில் குறைத்த உதையை வேறோர் உடல் வாங்கிக்கொள்கிறது. இதைச் சொன்னபோது பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அது பாவம்லா” என்றார். பன்றியைச் சொன்னாரா, தொழிலாளியைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

எஞ்சியவை உந்தத்தைத் தொடாமல், அது உடலுக்குள் இறங்கும் விதத்தை மாற்றும் வழிகள். முதலாவது நேரம். அவருடைய துப்பாக்கிக்கட்டையின் முனையில் இருந்தது கெட்டியான தகடு. உதை முழுவதும் ஒரு நொடிப்பில் வந்து தாக்கியது. மென்மையான ரப்பர் பட்டை அதே உதையைச் சற்று நீண்ட நேரத்திற்குப் பரப்பித் தரும். இரண்டாவது அளவு. அந்தக் கட்டை நெடிய உடல்வாகு கொண்ட தந்தையாருக்குப் பொருந்தியது, மகனோ குள்ளம். கட்டை நீளமாக இருந்ததால் தோள்குழியில் அமராமல் மேற்கையின் தசையில் பட்டு வந்தது. நீலம் பாரித்த இடமே அதைக் காட்டியது. பட்டையின் கனத்தையும் கணக்கில் கொண்டு மரத்தை அறுத்துக் குறைக்க வேண்டும். அதை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் செய்துகொண்டார். மூன்றாவது பிடி. வலிக்கும் என்று அஞ்சித் தளர்த்திப் பிடித்தால், துப்பாக்கி அந்த இடைவெளியில் வேகமெடுத்து வந்து அடிக்கும். இறுகத் தோளில் அணைத்தால் தோளும் துப்பாக்கியும் சேர்ந்து பின்செல்லும். நான்காவது காது. வேட்டொலிக்கு அஞ்சியே பலர் விசையை அழுத்துமுன் கண்ணை மூடிக் குலுங்குகிறார்கள். காதடைப்பான் போட்டால் அந்த அச்சத்தில் பாதி போய்விடும்.

இப்போது அவர் வலியே இல்லை என்று சொல்வதில்லை. தாங்கும்படி இருக்கிறது என்கிறார். இலேசான தோட்டா பயிற்சிக்கு, கனத்த தோட்டா காட்டுக்கு என்று வைத்துக்கொண்டிருக்கிறார். அடாப்டர் வாங்கவில்லை.

காட்டுப்பன்றியைக் கொல்லலாமா, யார் அனுமதிப்பது என்று கருத்தரங்குகளில் நிறையப் பேசுகிறோம். அனுமதி கிடைத்த பிறகு இருட்டில் வரப்பில் நிற்கும் முதியவரின் உடலைப் பற்றிப் பேசக் கேட்டதில்லை. வலிக்கு அஞ்சும் தோள் குறியைத் தவறவிடும். தவறிய குறி காயப்பட்ட விலங்காகக் காட்டுக்குள் போகும். ஆகவே துப்பாக்கியை உடலுக்கு ஏற்ப அளந்து பொருத்துவதும் பயிற்சி தருவதும் சுடுபவரின் சொந்த வசதி மட்டுமல்ல, அனுமதி அளிக்கும் ஊரின் கடமையும்கூட. நம் தொடரில் வினைமுதலாக நிற்கும் துப்பாக்கி எதையும் தீர்மானிப்பதில்லை. ரவையின் எடை, கட்டையின் நீளம், வேட்டின் தேவை ஆகிய மூன்றையும் தீர்மானிப்பவர்கள் மனிதர்கள். அவர்களை அத்தொடருக்குள் திரும்பக் கொண்டுவந்தால், உதை எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வியும் உடன் வரும்.