செய்தது யார்?



ஓ.எல் பிள்ளைகளின் டியூஷன் கொப்பிகளில் பெஸிவ் வொய்ஸ் ஒரு கணக்குச் சூத்திரம் மாதிரி இருக்கும். பின்னால் இருப்பதை முன்னால் கொண்டு வா, நடுவில் 'வோஸ்' போடு, வினைச்சொல்லின் மூன்றாவது வடிவத்தை எழுது, செய்த ஆளை 'பை' போட்டுக் கடைசியில் தள்ளு. பிள்ளைகள் அழகாக மாற்றுவார்கள், புள்ளியும் கிடைக்கும். அதே பிள்ளையிடம் ஒரு நிஜமான ஆங்கிலக் கடிதத்தைக் கொடுத்துப் பாருங்கள், திணறும். கடிதங்களில் அந்த 'பை' பெரும்பாலும் இருக்காது. 'யுவர் எப்ளிகேஷன் ஹேஸ் பீன் ரிஜெக்டட்' என்றுதான் வரும். நிராகரித்தது யார்? பல நேரம் அதைச் சொல்லாமல் தப்புவதற்காகவே அப்படி எழுதுகிறார்கள்.

நாம் வீட்டில் இப்படிப் பேசுவதில்லை. 'கோப்பை என்னால் உடைக்கப்பட்டது' என்று எந்தப் பிள்ளை சொல்லும்? 'கோப்பை உடைஞ்சி போச்சும்மா' என்று சொல்லும். (ஆளை மறைப்பதில் நம்ம பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை.) 'கைது செய்யப்பட்டார்', 'ஒத்திவைக்கப்பட்டது' எல்லாம் செய்தித் தமிழ். அதனால் நான் சூத்திரத்தில் தொடங்குவதில்லை. ஒரு தமிழ்ச் செய்தியை வாசித்துவிட்டு 'செய்தது யார்?' என்று கேட்பேன்.

இதோடு உருவகப் பேச்சும் சேர்ந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். ஒரு மாணவியின் உம்மா வட்ஸ்அப் மெசேஜ் ஒன்றைக் கொண்டு வந்து காட்டினார். கணவர் கட்டாரில் சாரதி. கம்பனி அனுப்பியதை அவர் அப்படியே வீட்டுக்கு அனுப்பியிருந்தார். 'யூ ஆர் பீயிங் லெட் கோ' என்று இருந்தது. "லீவு குடுத்து விடுறாங்க போல சேர். பெருநாளைக்கு வாப்பா வாறார்னு பிள்ளைகள்ட்ட சொல்லிட்டன்" என்றார். 'லெட்' என்றால் விடு, 'கோ' என்றால் போ. மகள் அகராதி பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள், சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் அந்த வசனத்தின் பொருள், வேலையை விட்டு நிப்பாட்டுகிறோம் என்பது. அதை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது எனக்கு லேசாக இருக்கவில்லை.

கீழே இன்னொரு வரி: 'யுவர் டியூஸ் வில் பி செட்டில்ட்'. நிலுவைகள் தீர்க்கப்படும். தீர்ப்பது யார், எந்தத் திகதியில், எவ்வளவு? ஒன்றும் இல்லை. இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள் என்று கணவருக்குச் சொல்லச் சொன்னேன். கேட்டிருக்கிறார், திகதி போட்டு எழுதிக் கொடுத்தார்களாம்.

நம்மிடமும் இதே பேச்சு உண்டு. 'அவரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க' என்றால் வாகனம் பிடித்துக் கொடுத்தார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. இதைச் சொன்னதும் வகுப்பில் 'லெட் கோ' எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஆங்கிலக்காரர்களும் நம்மைப் போல சுத்தி வளைத்துப் பேசுவார்கள் என்ற சந்தேகம்தான் பிள்ளைகளுக்கு வருவதில்லை. டியூஷனில் பாடமாக்கும் 'ரெய்னிங் கெட்ஸ் என்ட் டோக்ஸ்' வாழ்க்கையில் ஒரு கடிதத்திலும் வராது. 'லெட் கோ', 'பாஸ்ட் அவே' மாதிரியானவை வரும். 'பாஸ்ட் அவே' என்றால் மௌத்தானார். பரீட்சையில் பாஸானவர் என்று எழுதிய விடைத்தாளும் என் கைக்கு வந்திருக்கிறது.

பெஸிவ் எப்போதும் ஆளை மறைக்கும் என்றும் சொல்ல முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அந்தக் குடும்பங்களில் பல இங்கே புத்தளத்தில்தான் குடியேறின. ஒரு வாசிப்புப் பந்தியில் 'டிஸ்பிளேஸ்ட்' என்ற சொல் வந்தபோது 'இடம்பெயர்ந்தவர்கள்' என்று ஒரு பிள்ளை மொழிபெயர்த்தாள். பக்கத்தில் இருந்தவள் எழும்பி, "எங்கட உம்மும்மா அப்படிச் சொல்ல விடமாட்டா சேர். வெளியேற்றப்பட்டோம்னுதான் சொல்லணுமாம்" என்றாள். இடம்பெயர்ந்தோம் என்றால் நாமாகவே போனது போல. வெளியேற்றப்பட்டோம் என்றால் வெளியேற்றிய ஆள் ஒருத்தர் இருக்கிறார். அன்றைய இலக்கண பாடத்தை அந்த உம்மும்மா நடத்திவிட்டார். நான் 'எவிக்டட்' என்ற சொல்லைப் பலகையில் எழுதியதோடு சரி.

உங்கள் வீடுகளில் கம்பனிக் கடிதம், வங்கிக் கடிதம், விசா நிராகரிப்பு என்று ஆங்கிலத்தில் ஏதும் கிடந்தால், பெயர், இலக்கம் எல்லாம் மறைத்துவிட்டு இன்பொக்ஸில் ஒரு படம் அனுப்புங்கள். அடுத்த தவணை வகுப்புக்கு இன்னும் பத்துப் பதினைந்து தேவை.