அண்ணனின் பேஸ் ஆம்ப்

மெல்லிசைக் கச்சேரியில் பேஸ் கிடார் வாசிப்பவரை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. பாடகர், கீபோர்டு, தபேலா என்று கண் போய்விடும். ஆனால் அவர் கையை எடுத்துவிட்டால், பாட்டுக்கு அடியில் தரையே இல்லாததுபோல் ஆகிவிடும். நாலு தடித்த கம்பிகள்தான். ஆகத் தடித்ததைச் சும்மா மீட்டினால் வினாடிக்குச் சுமார் 41 அதிர்வுகள். 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் வந்த பிறகுதான் இந்தக் கருவி மேடைகளில் பரவியது.

என்னோடு தொலைபேசித் துறையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் பகலில் எக்ஸ்சேஞ்ச், இரவில் கச்சேரி என்று முப்பது வருடம் ஓட்டியவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய 100 வாட் பேஸ் ஆம்ப் சென்ற வருடம் கரகரக்க ஆரம்பித்தது. பிறகு சத்தம் கம்மிப் போய், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆனது. பழுது பார்க்கும் கடையில், "இதுக்கு பார்ட்ஸ் வராது, எடைக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

"தம்பி, ஆம்பும் போச்சு, காதும் போச்சு. கிடாரையும் வித்துடலாம்னு இருக்கேன்" என்றார் அண்ணன். காது மருத்துவர் அப்போதுதான் அவருக்குச் செவிக்கருவி எழுதிக் கொடுத்திருந்தார். அவர் உள்ளே போன நேரம் பார்த்து அண்ணி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அத வித்துட்டா இந்த மனுசன் யாரோட பேசுவாரு தம்பி?"

அந்த வார்த்தைதான் என்னை ஆம்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வைத்தது. அங்கே 'சென்ட்', 'ரிட்டர்ன்' என்று இரண்டு துளைகள் இருந்தன.

ஒரு பேஸ் ஆம்புக்குள் உண்மையில் இரண்டு ஆம்ப்கள் இருக்கின்றன. கிடாரின் பிக்கப்பிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கில் அற்ப சமிக்ஞை. அதை ஒரு வோல்ட் அளவுக்கு ஏற்றி, பேஸ், டிரெபிள் எல்லாம் திருத்துவது ப்ரீஆம்ப். ஸ்பீக்கர் கூம்பைத் தள்ளும் பலத்தைக் கொடுப்பது பவர் ஆம்ப். முன்னால் உள்ள துளையில் செருகினால் சமிக்ஞை இரண்டையும் கடந்துதான் போகும். ரிட்டர்னில் செருகினால் ப்ரீஆம்பைத் தாண்டி நேரே பவர் ஆம்புக்குப் போய்விடும்.

செல்போனில் ஒரு பாட்டை வைத்து, ஒலியை மிகக் குறைத்து, ஒரு சேனலை மட்டும் ரிட்டர்னில் கொடுத்தோம். பாட்டு பளிச்சென்று கேட்டது. அதாவது பவர் ஆம்பும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன; கெட்டது வாசல் மட்டும்தான்.

பெடல் அளவில் வரும் ஒரு பேஸ் ப்ரீஆம்பை அண்ணனின் பேரன் வாங்கி வந்தான். கிடாரிலிருந்து வயர் ப்ரீஆம்பின் இன்புட்டுக்கு. அதன் அவுட்புட்டிலிருந்து இன்னொரு வயர் ஆம்பின் ரிட்டர்னுக்கு. அவ்வளவுதான் இணைப்பு. ஆனால் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

இரண்டுமே உறையிட்ட கிடார் வயராக இருக்க வேண்டும். ஸ்பீக்கர் வயர் போட்டால் இரைச்சல்தான் மிஞ்சும். ஸ்பீக்கர் அவுட்புட்டை எந்தக் கருவியின் இன்புட்டிலும் செருகவே கூடாது, கருவி புகைந்துவிடும். ரிட்டர்னில் செருகிய பின் ஆம்பின் கெயின், டோன் குமிழ்கள் வேலை செய்யாது. பல ஆம்ப்களில் வால்யூமும் அப்படித்தான். ஆகவே ப்ரீஆம்பின் அவுட்புட்டைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுத்தான் ஆம்பைப் போட வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். அடாப்டரின் வோல்டும் பிளஸ், மைனஸ் முனைகளும் ப்ரீஆம்பில் அச்சிட்டதோடு பொருந்த வேண்டும். 'ம்ம்ம்' என்று ஹம் வந்தால் இரண்டையும் ஒரே பலகையில் செருகிப் பாருங்கள். அதற்காக எர்த் பின்னை மட்டும் பிடுங்காதீர்கள். அது உயிர் காக்கும் பின்.

ரிட்டர்ன் இல்லாத ஆம்ப் என்றால் முன்பக்க இன்புட்டில்தான் கொடுக்க முடியும். அப்போது ஆம்பின் கெயினைக் குறைத்து, டோன் குமிழ்களை நடுவில் வைத்துவிட வேண்டும். ஆனால் ஆம்பின் ப்ரீஆம்பே பழுதானால் இந்த வழி உதவாது.

அண்ணன் முதல் சுரத்தை மீட்டினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. செவிக்கருவி காதில் இல்லை. "நல்லா கேக்குது தம்பி!" என்றார்.

இதில் அதிசயம் இல்லை. முதுமையில் காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண் ஒலிகளைத்தான். பேச்சில் 'ஸ', 'ஃப' போன்ற மெல்லிய ஒலிகள் நழுவுவதால்தான், சத்தம் கேட்டாலும் சொல் புரிவதில்லை. பேஸின் கீழ் ஒலிகள் பெரும்பாலும் கடைசிவரை தங்கும். கொஞ்சம் குறைந்தாலும் தரை வழியாகக் காலுக்கு வந்துவிடும். பேரனின் பேச்சு பாதி புரியாத மனிதருக்குத் தன் கிடார் முழுசாகக் கேட்கிறது.

பேத்தியின் கல்யாண ரிசப்ஷனில் அண்ணன் இரண்டு பாட்டுக்கு வாசித்தார். வழக்கம்போல் எல்லோரும் பாடகரைத்தான் பார்த்தார்கள்.

கிடார் விற்கிற பேச்சு இப்போது இல்லை. செவிக்கருவியை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளவும் ஆரம்பித்திருக்கிறார். அதுவும் ஒரு ப்ரீஆம்ப்தானே என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். "சாயங்காலம் ஆறு மணியானா வீடே அதிருது, சமையல்கட்டுல டம்ளர் எல்லாம் ஆடுது" என்று அண்ணி போனில் குறைப்பட்டுக்கொள்கிறார். குரலில் குறை ஒன்றும் தெரியவில்லை.