சாவி யாரிடம்?

மயிலாடியில் எந்தத் தெருவில் நடந்தாலும் உளிச் சத்தம் காதில் விழும். ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் வேறொரு சத்தமும் கேட்டது. புத்தி பேதலித்த என் சித்தப்பாவின் கால் சங்கிலி!

அதன் சாவி என்னிடம்தான் இருந்தது. "வெறுப்பிலயா கட்டினோம் மக்கா? ராத்திரி ரோட்டுக்கு ஓடிருவானேன்னு பயந்துல்லா கட்டினோம்" என்பாள் பாட்டி.

2001 ஆகஸ்டு 6ஆம் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். அன்றிரவே சித்தப்பாவை அவிழ்த்துவிட்டேன். மறுநாள் அவர் லாரிக்கு முன்னால் போய் நின்றார். மறுபடி பூட்டினேன். வேறு வழி தெரியவில்லை.

பிறகு ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரி மருந்தில் தெளிந்தார், உளியும் பிடித்தார்.

2017இல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2018 மே 29 முதல் அமலாயிற்று. நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்கிறது. (கட்டாமல் என்ன செய்வது என்று பாட்டிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?) எனக்குப் புதுமையாகப் பட்டது வேறொன்று. மறுபடி முடியாமல் போனால் தம் சார்பில் பேச ஒருவரை நோயாளியே நியமிக்கலாமாம். அவர் உறவுக்காரராக இருக்க வேண்டுமென்பதில்லை. வெறும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

"யார் பேரை எழுதட்டும், சித்தப்பா?" என்றேன். என் பெயரைத்தான் சொல்வார் என்று உள்ளூர நிச்சயம்.

பட்டறைக் கூட்டாளி ஒருவரின் பெயரைச் சொன்னார்.

"நான் இருக்கேனே?"

"சாவி உங்கிட்ட இருந்துதுல்லா, மக்கா!" என்றார், உளியைக் கீழே வைக்காமலே.

அந்தப் பெயரையே எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.