வெள்ளைத்தாள்

எங்க ஊர் கண்மாய்க்கு வர்ற வரத்துக்கால்ல பாதிக்கு மேல சீமைக்கருவேல் மூடிக் கிடக்கு. ஐப்பசி, கார்த்திகையில நல்லா மழை பெய்தாலும் தண்ணி பாதி வழியிலயே பக்கத்துத் தரிசுல பரவி நின்னு போயிடும். கடைசி மடைக்காரங்க வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். நானும் கடைசி மடைதான். அதனால விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல கொடுக்குறதுக்கு ஒரு மனு தயார் பண்ணினேன். அந்த மனுவுக்குள்ள வந்து உக்காந்த வெள்ளைத்தாளைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முன்னெல்லாம் டவுன்ல டைப் அடிக்கிற கடைக்குப் போவோம். நாம ஒண்ணு சொல்ல, அவங்க ஒண்ணு அடிப்பாங்க. வரத்துக்கால்னு சொன்னா வரப்புன்னு அடிச்சு வச்சிருப்பாங்க. மகள் வேலைக்குப் போன பிறகு அவளோட பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்துட்டா. ரெண்டு வருசமா அதுலதான் இந்தப் பதிவெல்லாம் அடிக்கிறேன். பத்தாவது வரைக்கும் படிச்சவனுக்கு வேர்டு வந்துடுச்சுன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு.

மனு ரெண்டு பக்கம். அடுத்து, வரத்துக்கால் எந்தெந்த சர்வே நம்பர் வழியா வருது, எங்கெங்க அடைபட்டிருக்குன்னு ஒரு பட்டியல். கட்டம் நிறைய இருந்ததால அந்தப் பக்கத்தை மட்டும் படுக்கைவாட்டுல போட்டேன். அதுக்கப்புறம் 47 பேரோட பேர், சர்வே எண், பரப்பு, கையெழுத்துன்னு ரெண்டு பக்கம். ஆக மொத்தம் அஞ்சு பக்கம். (40 ஹெக்டேருக்கு மேல ஆயக்கட்டு இருந்தா கண்மாய் நீர்வளத்துறைக்கு, அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியத்துக்கு. இது தெரியாம தப்பான இடத்துக்கு மனு கொடுத்து ஒரு வருசத்தைத் தொலைச்ச கதை தனியா இருக்கு.)

ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டா எட்டுத் தாள் வந்துச்சு. 3, 5, 8 மூணும் வெறும் வெள்ளை. கீழ பக்க எண் மட்டும் நிக்குது. கடைத்தம்பி, "அண்ணே, வெள்ளைத்தாளுக்கும் காசு உண்டுண்ணே"ன்னு சிரிச்சான். போனாப் போகுதுன்னு எட்டையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடிச்சு எடுத்துக்கிட்டு ஊருக்கு வந்துட்டேன்.

முதல் கையெழுத்து சின்னாத்தாகிட்ட வாங்கலாம்னு போனேன். எழுபது வயசுக்கு மேல ஆச்சு, எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். கண்மாய்ல தண்ணி வந்தா கடைசியா பாயிற வயல் அதோடதுதான். மனுவை முழுசா வாசிச்சுக் காட்டினேன். தலையை ஆட்டிக்கிட்டே கேட்டுச்சு. மைப்பெட்டியை நீட்டுனேன். கையை நீட்டாம தாளை ஒவ்வொண்ணா புரட்டிப் பார்த்துச்சு.

"இது என்னப்பா, வெறுந்தாளு?"

"ஒண்ணுமில்ல சின்னாத்தா, கம்ப்யூட்டர்ல தன்னால வந்துடுச்சு."

"தன்னால எப்பிடிப்பா வரும்? வெறுந்தாளு இருக்குற கட்டுல நான் கை வைக்க மாட்டேன்."

எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. ஏன்னா அந்தக் கதை எனக்குத் தெரியும். சின்னய்யா உயிரோட இருந்தப்ப, மூத்த பொண்ணு கல்யாணத்துக்குக் கடன் வாங்கினார். கொடுத்தவர் மூணு பத்திரத்துல கையெழுத்து வாங்கினார். ஒண்ணுல எழுத்து இருந்துச்சு, ரெண்டு வெறும் பத்திரம். வட்டிக் கணக்கு எழுதிக்கிறதுக்குன்னு சொன்னாராம். நாலு வருசம் கழிச்சு அந்த வெறும் பத்திரத்துல ஒண்ணு கிரைய ஒப்பந்தமா மாறி வந்து நின்னுச்சு. கோர்ட்டுக்கு நடந்து நடந்து, கடைசியில 80 செண்டு நஞ்சையைக் கொடுத்துத்தான் மீதியைக் காப்பாத்தினாங்க. அந்த 80 செண்டும் முதல் மடையில இருந்த வயல்.

என்கிட்ட அதுக்குச் சந்தேகம் இல்ல. தாளு மேலதான் சந்தேகம். சரி, அந்த மூணு தாளையும் உருவிப் போட்டுடலாம்னு பார்த்தா பக்க எண் இடிக்குது. 2-க்கு அப்புறம் 4, 4-க்கு அப்புறம் 6. பின்னால ஒருத்தர், "நடுவுல இருந்த பக்கத்தை எடுத்துட்டு வேற சொருகிட்டாங்க, கையெழுத்துப் போட்டவங்க படிச்சது இது இல்ல"ன்னு சொன்னா நம்மகிட்ட பதில் கிடையாது. தரிசுல உழுது சாப்பிடுறவங்க அப்படிச் சொல்லக் காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. வெள்ளைத்தாளைக் கம்ப்யூட்டருக்குள்ளயே எடுத்தாகணும்.

அன்னிக்கு ராத்திரி உக்காந்தேன். வெள்ளைப் பக்கத்துல கர்சரை வச்சு பேக்ஸ்பேஸ் தட்டினா மேல இருக்குற எழுத்து போகுது, வெள்ளைப் பக்கம் போகல. கோரைப்புல்லை அரிவாளால அறுத்த கதைதான். மேல அறுக்க அறுக்க அடியில இருக்குற கிழங்குலருந்து மறுபடி வரும்.

மகளுக்குப் போன் போட்டேன். "அப்பா, அந்தப் பக்கம் காலியா இல்லப்பா. உங்க கண்ணுக்குத் தெரியாத குறி உள்ள இருக்கு. கண்ட்ரோல், ஷிப்ட், 8 மூணையும் சேர்த்து அமுக்குங்க"ன்னா. அமுக்கினேன். திரை பூரா, ஆங்கில 'பி' எழுத்தைத் திருப்பி வச்ச மாதிரி குறி. மூணாம் பக்கத்துல மட்டும் வரிசையா இருபதுக்கு மேல. அது நான் பண்ணின வேலைதான். பட்டியல் புதுப் பக்கத்துல வரணும்னு எண்டரைத் தட்டித் தட்டி கீழ தள்ளியிருக்கேன். அப்புறம் முன்னால ரெண்டு வரி சேர்த்ததும் அத்தனையும் கீழ இறங்கி ஒரு பக்கத்தைப் பிடிச்சுக்கிச்சு. அதையெல்லாம் தேர்ந்தெடுத்து டெலிட் அடிச்சேன், மூணாம் பக்கம் போயிடுச்சு. புதுப் பக்கம் வேணும்னா கண்ட்ரோலும் எண்டரும் சேர்த்து ஒரே தடவை தட்டினாப் போதுமாம். ரெண்டு வருசமா தெரியாது எனக்கு.

அஞ்சாம் பக்கத்துல ரெண்டு குறி இருந்துச்சு. ஒண்ணு பேஜ் பிரேக், இன்னொண்ணு செக்‌ஷன் பிரேக். ரெண்டுமே அடுத்த பக்கத்துக்குத் தள்ளுற சாமான், நடுவுல ஒரு வெள்ளைப் பக்கம் மாட்டிக்கிச்சு. அவசரத்துல செக்‌ஷன் பிரேக்கை அழிச்சேன். படுக்கைவாட்டுல இருந்த பட்டியல் நிமிர்ந்து நின்னு, கடைசிக் கட்டம் தாளுக்கு வெளிய ஓடிடுச்சு. அந்தப் பக்கத்தைப் படுக்க வச்சிருந்ததே அந்தக் குறிதானாம். கண்ட்ரோல் இசட் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து, பேஜ் பிரேக்கை மட்டும் எடுத்தேன், சரியாச்சு.

எட்டாம் பக்கம்தான் உயிரை வாங்கிச்சு. அதுல ஒரே ஒரு குறி, என்ன தட்டினாலும் அசையல. முழுப் பக்கத்தையும் எடுக்க வழி இருக்குன்னு எங்கயோ பார்த்த ஞாபகம். கண்ட்ரோல் ஜி அமுக்கி, பின்பக்கம் சாய்ஞ்ச கோடு போட்டு பேஜ்னு ஆங்கிலத்துல அடிச்சு எண்டர் தட்டினா, கர்சர் நிக்கிற பக்கம் மொத்தமா தேர்வாயிடும். அப்புறம் டெலிட். அப்படியே செஞ்சேன். ஆனா கர்சர் நின்னது கடைசிப் பக்கத்துல இல்ல, அதுக்கு முந்தின பக்கத்துல. கட்டம் அப்படியே நிக்குது, உள்ள இருந்த 22 பேரையும் காணோம். 47-ஆவது பேரு சின்னாத்தாவோடது. வெள்ளைத்தாளை எடுக்கப் போயி, அது பேரு இருந்த தாளை வெள்ளையாக்கிட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குக் கை நடுங்கிச்சுன்னா நீங்க நம்பணும். நல்லவேளை ஃபைலை மூடல. மறுபடியும் கண்ட்ரோல் இசட், பேரெல்லாம் வந்து உக்காந்துச்சு. ஒண்ணுலருந்து 47 வரைக்கும் விரல் வச்சு எண்ணிப் பார்த்துட்டுத்தான் தண்ணி குடிச்சேன்.

மறுநாள் காலையில மகள் விளக்கம் சொன்னா. கட்டத்துல முடியிற ஃபைல்ல அதுக்குக் கீழ ஒரு வெறும் வரியை வேர்டு கட்டாயம் வச்சிருக்குமாம், அதை அழிக்கவே முடியாதாம். அந்த ஒரு வரிக்கு இடம் இல்லாமத்தான் புதுப் பக்கம் உண்டாகுது. அழிக்க முடியாதுன்னா சிறுசாக்கலாம். அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்து எழுத்தோட அளவை 1-ன்னு மாத்தினேன், மேல ஏறி ஒட்டிக்கிச்சு. அஞ்சு பக்கம் ஆயிடுச்சு. கடைக் கம்ப்யூட்டர்ல நம்ம ஃபாண்ட் இல்லன்னா மறுபடி பக்கம் நகரும், பிடிஎஃபா மாத்திக் கொண்டு போங்கன்னு சொன்னா. அப்படியே செஞ்சேன்.

சாயங்காலம் புது மனுவோட சின்னாத்தா வீட்டுக்குப் போனேன். பெருமையா நீட்டினேன். வாங்கி ஒவ்வொரு தாளா புரட்டிச்சு. அப்புறம் முதல் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துச்சு.

"ஏப்பா, இந்தப் பக்கம் வெள்ளையாத்தான இருக்கு?"

என்ன சொல்றது? இதுக்கு வேர்டுல பொத்தான் கிடையாது. பையிலருந்து பேனாவை எடுத்தேன். அஞ்சு தாளோட பின்பக்கத்துலயும் இந்த மூலையிலருந்து அந்த மூலைக்கு ரெண்டு கோடு குறுக்க இழுத்தேன். அது பக்கத்துல உக்காந்து அஞ்சும் முடியிற வரைக்கும் பார்த்துச்சு. அப்புறம் மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, பெருவிரலை நல்லா உருட்டி, நான் காட்டின கட்டத்துல வச்சுச்சு. மையைத் தலைமுடியில தடவிக்கிட்டே, "தண்ணி முதல் மடையோட நின்னுடாம வரணும்னு எழுதியிருக்கியா?"ன்னு கேட்டுச்சு.

எழுதியிருக்கேன், ரெண்டாம் பக்கத்துல. அந்தப் பாராவை மறுபடி ஒரு தடவை வாசிச்சுக் காட்டிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.