நெளிமுடியும் நம் வீட்டுப் பெண்களும்

மொழியும் இலக்கியமும் பேசும் இவ்விதழில் தலைமுடியைப் பற்றியும் எழுத வேண்டுமா என்று அன்பர் சிலர் எண்ணக்கூடும். ஆயினும், நம் சங்கக் குடும்பங்களில் காலை ஏழு மணிக்குத் தாய்க்கும் மகளுக்கும் இடையே எழும் பூசல்களுள் பாதி சீப்பை முன்னிட்டு எழுபவை என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். எங்கள் வீடும் அத்தகைய வீடுகளுள் ஒன்று. ஆதலின் எழுதத் துணிந்தேன்.

நேர்முடிக்கும் சுருள்முடிக்கும் இடைப்பட்ட முடி ஒன்று உண்டு. உச்சியில் படிந்து நின்று, காதுக்குக் கீழே வளைந்து வளைந்து இறங்கும். ஈரமாக இருக்கும்போது அழகாக நெளியும். உலர்ந்தபின் சீவினாலோ இலவம்பஞ்சு போலப் பொங்கிவிடும். நெளிமுடி என்பதே அதற்குத் தக்க பெயர். ஆனால், நம் வீடுகளில் அதற்கு வழங்கும் பெயர்கள் பரட்டை என்பதும், அடங்காத முடி என்பதும், 'தலை வாரவில்லையா?' என்பதுமே. அமெரிக்க முடியொப்பனையாளர் ஆந்திரே வாக்கர் 1990களில் மனிதர் முடியை நால்வகையாகப் பகுத்தபோது நெளிமுடிக்கு இரண்டாம் இடம் கொடுத்தார். தனி வகை என்று ஒப்புக்கொண்டபின் அதைப் பழுதுபட்ட நேர்முடியாக எண்ணி நடத்துவது முறையன்று. நெளிமுடிக்கு நேரும் தொல்லைகளுள் பெரும்பாலானவை, அதனை நேர்முடிபோல் நடத்துவதால் விளைபவையே.

என் ஊர் குன்னத்துகால். பாறசாலைக்கு அணித்தாய், நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமைந்தது. கிழக்கே சிறிது தொலைவு சென்றால் தமிழ்நாட்டு எல்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் என்னும் நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. என் பாட்டி பிறந்த வீடு ஒரு மாநிலத்திலும் புகுந்த வீடு மற்றொரு மாநிலத்திலும் ஆனது இப்படித்தான். அடுக்களையிற் போலவே குளியலிலும் இரு பக்கத்து வழக்கங்களும் எங்கள் வீட்டில் கலந்திருந்தன. சீயக்காய்த் தூள் அப்பக்கத்து உறவினர் கொடுத்தனுப்புவது. செம்பரத்தித் தாளி இப்பக்கத்து அயலார் கற்றுக் கொடுத்தது.

எழுபது வயதிலும் பாட்டிக்கு இடுப்பளவு கூந்தல் இருந்தது, நெளிநெளியான கூந்தல். அதை அவர் பேணிய விதத்தைச் சிறு வயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கறிவேப்பிலையும் செம்பரத்தி மொட்டும் சிறிய உள்ளியும் இட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயை முதலில் தேய்ப்பார். எண்ணெய் ஊறும்வரை முற்றத்தில் ஏதேனும் வேலை பார்ப்பார். பிறகு விரல்களாலேயே சிக்கெடுப்பார். செம்பரத்தி இலையைக் கல்லில் தண்ணீர் விட்டுக் கசக்கிப் பிழிந்து, வழுவழுப்பான அந்தச் சாற்றால் தலையை அலசுவார். குளித்து வந்ததும் தோர்த்தை வைத்து ஒற்றி எடுப்பாரேயன்றி அழுத்தித் துவட்டமாட்டார். பின்னர் இரு பக்கமும் சில இழைகளை மட்டும் எடுத்துப் பின்புறம் தளரப் பின்னி, எஞ்சியதை முதுகில் விரியவிடுவார். அதற்குக் குளிப்பின்னல் என்று பெயர். உலர்ந்த முடியில் சீப்பை வைத்து அவர் இழுத்ததை நான் கண்டதில்லை.

நிற்க. இவற்றுள் எவை பயனுடையவை, எவை வெறும் வழக்கம் என்று இன்று அறிய முடியும். மயிர்க்காலின் வடிவமே முடியின் வடிவத்துக்கு முதற் காரணம். அது நேராக இருந்தால் முடியும் நேராக வளரும். சாய்ந்தோ வளைந்தோ இருந்தால் முடியும் வளையும். தலையின் தோல் சுரக்கும் நெய்ப்பசை, நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கும். நெளிமுடியிலோ ஒவ்வொரு வளைவிலும் தடைப்படும். ஆகவேதான் வேரில் பிசுக்கும் நுனியில் வறட்சியுமாக நம் பெண்கள் துன்புறுகிறார்கள். முடியின் மேலுறையோ ஓட்டு வீட்டின் கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களால் ஆனது. வறண்ட முடியில் இந்த ஓடுகள் தூக்கி நிற்கும். காற்றிலுள்ள ஈரம் உள்ளே புகுந்து ஒவ்வோர் இழையையும் வெவ்வேறு விதமாக வளைக்கும். அவ்வேளையில் சீப்பும் சேர்ந்து, கூடிக் கிடந்த இழைகளைப் பிரித்துவிட்டால் பொங்காமல் என்ன செய்யும்?

பாட்டியின் தாளியில் இருந்த வழுவழுப்பு, இன்று கடையில் கண்டிஷனர் என்ற பெயரில் விற்பதன் வேலையில் ஒரு பகுதியைச் செய்தது. இழையோடு இழை உராயாமல் காத்தது. தேங்காயெண்ணெயைப் பற்றி 2003இல் மும்பையிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. கனிம எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றைவிடத் தேங்காயெண்ணெயே முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று அது கண்டது. அந்த ஆய்வைச் செய்தவர்கள் பாராசூட் தேங்காயெண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆயினும், அதன் கருத்தை என் கண் கண்ட அனுபவம் மறுக்கவில்லை.

பாட்டி செய்தவை யாவும் சரியென்று நான் வாதிடவில்லை. பொடுகுக்கும் அவர் எண்ணெயையே மருந்தாகச் சொல்வார். பொடுகோடு தொடர்புடைய நுண்ணுயிர், தலையிலுள்ள கொழுப்பை உண்டே வாழ்வது. அதற்கு எண்ணெய் வார்ப்பது விருந்து வைப்பதாகும். பள்ளிக்குச் செல்லும்போது என் அம்மா ஈரத் தலையை இறுக்கி இரட்டைப் பின்னல் போட்டுவிடுவார். நாள்தோறும் இறுக்கிக் கட்டினால் நெற்றியோரத்து மயிர்க்கால்கள் நலிந்து, அங்கே முடி நிலையாகவே போய்விடுவதும் உண்டு. திடீரென்று முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தால் எண்ணெயை மாற்றிக்கொண்டிராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இரும்புச்சத்துக் குறைவோ தைராய்டுக் கோளாறோ காரணமாக இருக்கலாம்.

நாங்கள் இப்போது வாழ்வது கிழக்கு லண்டனில். இங்குள்ள நீர் சுண்ணப்பாறை வழியே வருவது; கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் காணாத வீடில்லை. அந்தச் சுண்ணம் முடியிலும் படிகிறது. சோப்பைத் தலைக்கு இட்டால் இரண்டும் சேர்ந்து பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றும்போது காற்று வறண்டுவிடும். குன்னத்துகாலின் ஈரக் காற்றில் வளர்ந்த கூந்தலுக்கு இது வேறோர் உலகம். என் மகள் இங்கே பிறந்தவள். ஆனால், அவள் தலையில் இருப்பது என் பாட்டியின் முடி.

அவளுக்கு வயது பதின்மூன்று. சென்ற ஆண்டு ஊருக்குச் சென்றிருந்தபோது, உறவினர் நிறைந்த கூடத்தில் ஒரு மாமி அவளைப் பார்த்து, "லண்டனில் சீப்பு கிடைக்காதோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இரவில், "அம்மா, அடுத்த திருமணத்துக்கு வரும்போது முடியை நேராக்கிக்கொண்டு வருகிறேன், இல்லாவிட்டால் நான் வரவில்லை" என்றாள். ஊரையே வேண்டாமென்று சொல்லத் தொடங்கிவிட்டாளே என்று அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

நேராக்குவது என்ன என்பதை நான் அருகிருந்து கண்டிருக்கிறேன். என் சித்தியின் மகள் தன் மணத்துக்குச் சிலநாள் முன்பு ஓர் அழகு நிலையத்தில் அதைச் செய்துகொண்டாள். மூன்று மணி நேரம் கண்ணெரிச்சலோடு அமர்ந்திருந்தாள். மணநாளில் முடி பட்டுப்போலத்தான் இருந்தது. முடி திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளருமல்லவா? ஆறு திங்களில் உச்சியிலிருந்து நான்கு விரற்கடை நெளியாகவும் அதன்கீழ் கோலாகவும் நின்றது. இரண்டும் சேருமிடத்தில் அறுந்துகொண்டே வந்தது. மயிர்க்காலை எந்த மருந்தும் நிமிர்த்துவதில்லை.

நிலையாக நேராக்கும் மருந்துகள் முடிக்குள்ளிருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து வேறுவிதமாகக் கட்டுகின்றன. கெரட்டின் என்னும் பெயரில் செய்யப்படும் முறைகளுள் சிலவற்றில், சூடேறும்போது பார்மால்டிஹைடு ஆவி வெளிப்படும். அது மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் முடிவு செய்தது. நேராக்கும் மருந்துகளை அடிக்கடி இட்டுக்கொண்ட பெண்களிடம் கருப்பைப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டது என்று 2022இல் அமெரிக்க ஆய்வொன்று கூறியது. தொடர்பைக் கண்டதேயன்றி, காரணம் இதுவே என்று அவ்வாய்வு நிறுவவில்லை. எனினும், பதின்மூன்று வயதுத் தலைக்கு எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இதில் வேடிக்கை என்னவெனில், இதே லண்டனில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்ல் நெஸ்லர் என்பவர், நேர்முடிப் பெண்களின் தலையில் சூடேற்றிய உருளைகளைத் தொங்கவிட்டு நெளிவு உண்டாக்கிக் கொடுத்தார். செல்வச் சீமாட்டிகள் மணிக்கணக்கில் அமர்ந்து விலை கொடுத்து வாங்கியது, எங்கள் பாட்டிக்குப் பிறப்பிலேயே வாய்த்தது.

மகளிடம் மறுப்பு மட்டும் சொன்னால் போதாது. மாற்று வழி காட்ட வேண்டும். ஒரு முறை தலையை அலசி, சீவாமலும் தொடாமலும் உலரவிடச் சொன்னேன். அவளுடைய முடியின் உண்மையான நெளிவை அன்றுதான் அவளே பார்த்தாள். அதன்பின் கிழமைக்கு இரு முறை மட்டும் ஷாம்பு, அதுவும் தோலில் மட்டும். கண்டிஷனர் நுனிப் பாதியில் மட்டும். ஈரமுடி இழுத்தால் எளிதில் அறும். ஆதலின், அந்த வழுவழுப்பு இருக்கும்போதே அகன்ற பல்லுடைய சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுப்பாள். அலசியபின் தலையைக் கவிழ்த்து, முடியைக் கையில் ஏந்தி மேல்நோக்கிக் கசக்கிவிடுவாள். பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பாள். முழுதும் உலரும்வரை கை வைப்பதில்லை. இந்தக் கடைசி விதிதான் கடினமானது! எண்ணெயைக் குளிப்பதற்கு முன் இடுகிறோம். பின் இட்டால் நெளிமுடி எடை தாங்காமல் தொங்கிவிடும். சுருள்முடியினருக்குச் சொல்லப்படும் கனத்த பூச்சுகள் நமக்கு ஒவ்வாமைக்கும் காரணம் இதுவே.

ஒரு மாலை அவளிடம் அறல் என்ற சொல்லைச் சொன்னேன். ஆற்றுநீர் அரித்து ஓடியபின் வரிவரியாக நெளிந்து கிடக்கும் கருமணலுக்கு அது பெயர். சங்கப் புலவர்கள் பெண்ணின் கூந்தலை வருணிக்கையில் அடிக்கடி எடுத்த உவமை அது. பொருநராற்றுப்படையில் பாடினியின் கூந்தலுக்கும் அதுவே உவமை. நேரான கோலுக்கு ஒப்பிடாமல் நெளிந்த மணலுக்கு ஒப்பிட்டார்கள் என்றேன். "அப்படியானால் அந்த மாமி சங்க இலக்கியம் படித்ததில்லை" என்றாள்.

திருமணத்துக்குச் சென்றோம். குளிப்பின்னலும் பிச்சிப்பூவுமாக அவள் வந்தாள். எல்லாரும் மெச்சினார்கள் என்று எழுத இயலாது. அந்த மாமி இம்முறையும் ஏதோ சொன்னார். மகள் தன் வயதுப் பெண்களோடு பேசிக்கொண்டிருந்ததால் அது அவள் காதில் விழவில்லை. சில நாட்களில் பள்ளித் தோழியரோடு சேர்ந்து சூட்டுக் கருவியால் நேராக்கிக்கொள்வதும் உண்டு. அடுத்த குளியலோடு மாறிவிடும் அதற்கு நான் தடை சொல்வதில்லை. ஈரமுடியில் வைக்காதே, சூட்டைக் குறைத்து வை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

செம்பரத்தி இலை இங்கே எளிதில் கிடைப்பதில்லை. ஆளிவிதை எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. கால் குவளை விதையை இரண்டு குவளை நீரில் கொதிக்கவிட்டு, முட்டையின் வெண்கரு போலத் திரளும்போது இறக்கி, ஆறுவதற்குள் மெல்லிய துணியில் வடித்துவிட வேண்டும், ஆறினால் வடியாது. அந்தச் சாற்றைச் சிறிதளவு எடுத்து ஈரமுடியில் தடவினால் நெளிவு கலையாமல் நிற்கும். குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் ஒரு கிழமைக்கு மேல் வைத்தல் ஆகாது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலைதோறும் இதைக் காய்ச்சுபவள் மகளே. அடுப்பருகே என்னை விடுவதில்லை.